கூரைக்கடியில் லாடமூக்கு வௌவால்: கேமரா வைப்போர் கேள்விகளும் பதில்களும்

தென்மேற்கு இங்கிலாந்தின் பழைய கட்டடங்களில், கூரைக்கடியில் கூடிக் குட்டி ஈனும் பெரிய லாடமூக்கு வௌவால்களைத் தொலைவிலிருந்து கவனிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

மே மாதம் கேமரா பொருத்தினால் போதுமா?

மே மாதம் தாமதம். பெண் வௌவால்கள் அதற்குள் வந்து சேரத் தொடங்கிவிடும். அவை குகைகளிலும் சுரங்கங்களிலும் உறங்கும் நடுக்குளிர்காலத்திலேயே ஏணி, டிரில், கேபிள் வேலைகளை முடித்துவிடுங்கள். 1981ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வௌவால் இல்லாத மாதங்களிலும் அந்த இடத்துக்குப் பாதுகாப்பு உண்டு. எனவே இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்திடம் கேட்காமல் ஆணிகூட அடிக்காதீர்கள்.

மின்சாரமும் படமும் ஒரே நெட்வொர்க் கேபிளில் போகும் கேமரா நல்லது. 100 மீட்டர் வரை இழுக்கலாம். அந்தக் கேபிளுக்கு மின்சாரம் தரும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியைக் கட்டாயம் வெளியே வையுங்கள். ஜூலையில் கேமரா உறைந்துபோனால் மச்சுக்குள் ஏறாமலே ரீஸ்டார்ட் செய்யலாம்.

அகச்சிவப்பு விளக்கு 850 நானோமீட்டரா, 940ஆ?

940. 850இல் மங்கலான சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியும். 940இல் படம் சற்று இருண்டிருக்கும். விளக்கைக் கூட்டி ஈடுகட்டலாம்.

கேமரா சத்தமே போடாது. பிறகு மாட்டுவதற்கு முன் எதற்குச் சத்தச் சோதனை?

நம் காதுக்குத்தான் அது சத்தம் போடாது. இந்த வௌவால் கூவுவது 80 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. மலிவான பவர் சப்ளைகள் நமக்குக் கேட்காத மீயொலியில் கீச்சிடுவதுண்டு. மாட்டுவதற்கு முன் வீட்டிலேயே எல்லாவற்றையும் ஓடவிட்டு, மீயொலியை நம் காதுக்குக் கேட்கவைக்கும் வௌவால் டிடெக்டரைப் பக்கத்தில் பிடித்து 20 முதல் 120 கிலோஹெர்ட்ஸ் வரை திருப்பிப் பாருங்கள். கீச்சிட்டால் மாற்றிவிடுங்கள்.

இரவில் படம் முழுக்க வெள்ளையாகிவிடுகிறது.

பெரும்பாலும் சிலந்தி வலைதான். லென்ஸைச் சுற்றியுள்ள விளக்கின் ஒளி வலையில் பட்டுத் திரும்புகிறது. அந்த விளக்கை அணைத்துவிட்டு, ஒரு மீட்டர் தள்ளித் தனி விளக்கு வையுங்கள். கூட்டத்துக்கு நேர் கீழே கேமரா வேண்டாம். எச்சமும் சிறுநீரும் கண்ணாடியைக் கெடுத்துவிடும். பக்கவாட்டில் சாய்வாக வையுங்கள்.

குட்டிகளை எப்படி எண்ணுவது?

பகலில் நெருங்கித் தொங்குவதால் எண்ண முடியாது. இருட்டியதும் தாய்கள் இரை தேடிப் போகும். குட்டிகள் கொத்தாக மிஞ்சும். அப்போது படத்தை நிறுத்தி எண்ணுங்கள். சில தாய்கள் போகாமல் தங்கும் என்பதால் நாலைந்து முறை எண்ணி ஒப்பிடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் குட்டிகள் பறக்கத் தொடங்கியபின் இந்தக் கணக்கை நம்ப முடியாது.

ஒரு குட்டி மட்டும் தலை மேலாகத் தொங்குகிறது. நோயா?

இல்லை, அதுதான் இயல்பு. தாயின் அடிவயிற்றில், கால்களுக்கருகே பால் சுரக்காத இரண்டு பொய்க்காம்புகள் உண்டு. தாய் தலைகீழாகத் தொங்குவதால், அவற்றைக் கவ்வும் குட்டியின் தலை மேலே இருக்கும். பசித்தால் குட்டி மெல்லத் திரும்பி, மார்பை நோக்கித் தலையைக் கீழே கொண்டுபோகும். அதைப் பார்க்கக் கிடைத்தால் பதிவை அழித்துவிடாதீர்கள்!

குட்டி தரையில் கிடக்கிறது. உள்ளே போகட்டுமா?

வேண்டாம். நீங்கள் நுழைந்தால் கூட்டம் கலைந்து இன்னும் குட்டிகள் விழலாம். நேரத்தைக் குறித்துக்கொண்டு வௌவால் பாதுகாப்பு அமைப்பான பேட் கன்சர்வேஷன் டிரஸ்ட்டின் உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். உரிமம் உள்ளவர் வருவது பற்றி அவர்கள் சொல்வார்கள்.