ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பின் நிற்காத வாந்தி

கேள்வி: என் மனைவிக்கு வயது 34, எடை 118 கிலோ. பத்து வாரத்துக்கு முன், எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்தோம், இப்போது 97. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஐந்து வருடத்தில் எடை முழுவதும் திரும்பிவிடும் என்கிறது யூடியூப். மூன்று வாரமாகச் சாப்பிட்டதெல்லாம் வாந்தி. மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்கிறோம். அசதியில் நடை தள்ளாடுகிறது, பாதம் மரத்துப்போகிறது என்கிறார். ஆபரேஷன் செய்தது தப்போ? - வாசகர், சேலம்

பதில்: இன்றே ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தூரமென்றால் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி. முடியை அப்புறம் பார்ப்போம்.

அசதி என்று நீங்கள் எழுதியிருப்பது அசதியாக இருக்காது. தயமின் என்ற பி1 வைட்டமின் உடம்பில் சுமார் 30 மில்லிகிராம்தான் கையிருப்பு. சாப்பாடு தங்காவிட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். பிறகு அடி வாங்குவது நரம்பும் மூளையும்: கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சு குழம்பும். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று இருக்காதீர்கள். நாள் கடத்தினால் ஞாபகசக்தி போய்விடும். பலருக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை.

தெம்புக்கு என்று தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடாதீர்கள். குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும். மிச்சமிருப்பதும் அதில் கரைந்து நிலைமை சட்டென்று மோசமாகலாம். "ஸ்லீவ் செய்தவர், மூன்று வாரமாக வாந்தி, முதலில் தயமின் போடுங்கள்" என்று உள்ளே நுழைந்ததுமே சொல்லுங்கள். மூளை பாதிப்பு என்ற சந்தேகம் வந்தாலே, ரத்த ரிசல்ட்டுக்குக் காத்திராமல் ஒரு வேளைக்கு 200 முதல் 500 மி.கி. வரை, தினம் மூன்று வேளை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். பொட்டாசியம், மெக்னீசியமும் பார்ப்பார்கள். வீட்டில் கொடுக்கும் பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை வாந்தியோடு வெளியே போய்விடும்.

அவசரமாக விழுங்கினாலோ, சாப்பிடும்போதே தண்ணீர் குடித்தாலோ ஸ்லீவ் செய்தவருக்கு வாந்தி வரும்தான். மூன்று வாரம் நிற்காதது அந்தக் கணக்கில் சேராது. குழாய்போல ஆக்கிய இரைப்பை, நடுவில் வளையும் இடத்தில் சுருங்கியோ முறுக்கிக்கொண்டோ இருக்கலாம். எண்டோஸ்கோப்பியில் தெரிந்துவிடும், சுருக்கத்தைப் பெரும்பாலும் பலூன் வைத்தே விரித்துவிடலாம். அடைப்பை வாந்தி மாத்திரை திறக்குமா? கர்ப்பப் பரிசோதனையும் செய்யுங்கள். எடை இறங்கியதும் மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கரு தங்குவதுண்டு.

முடி மூன்றாம் மாதவாக்கில் கொட்டத் தொடங்கும், சில மாதத்தில் தானாக முளைக்கும். முடிக்கென்று விற்கும் பயோட்டின் வைட்டமினுக்குக் காசைக் கரியாக்க வேண்டாம். வாந்தி நின்றபின் தினம் 60 கிராம் புரதம் போகிறதா என்று பாருங்கள்.

யூடியூப் சொல்வது பாதிப் பொய். சுவீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வில், எடை குறைக்கும் இன்னொரு ஆபரேஷனான இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் ஓரிரு ஆண்டில் 32 சதவீத எடை இழந்தார்கள்; பத்தாம் ஆண்டிலும் 25 சதவீதம் குறைவாகவே இருந்தார்கள். ஸ்லீவில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பலாம், முழுவதும் அல்ல.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் இதுவரை கொடுத்த மாத்திரைகளின் அட்டைகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.