ஹானர் சொசைட்டி அழைப்பு: 95 டாலர் கட்டலாமா?

கேள்வி: மகள் டெக்சாஸில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். 'உங்கள் ஜி.பி.ஏ.வைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துள்ளோம். 48 மணி நேரத்துக்குள் 95 டாலர் செலுத்துங்கள்' என்று ஒரு ஹானர் சொசைட்டி மெயில் அனுப்பியிருக்கிறது. சேர்ந்தால் விசாவுக்கு நல்லது என்கிறார் எங்கள் கன்சல்டன்ட். கட்டலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். ஹானர் சொசைட்டி என்பது நன்றாகப் படிக்கும் மாணவர்களை அழைத்துச் சேர்த்துக்கொள்ளும் சங்கம். 'ஜி.பி.ஏ.வைப் பார்த்து' என்கிறார்களே, அந்தச் சராசரி மதிப்பெண் எப்படி அவர்களுக்குத் தெரியும்? ஃபெர்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாணவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பல்கலைக்கழகம் மதிப்பெண்களை வெளியாருக்குத் தரக்கூடாது. பெயர், மெயில், படிப்பு ஆகியவை 'டைரக்டரி' தகவல். இவற்றைத் தரலாம், தருகிறார்கள். அதை வாங்கி, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று அனுப்புவது எளிது. ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் டைரக்டரி தகவல் வெளியே போவதைத் தடுக்கலாம். சேர்க்கையின்போது நூறு படிவம் நீட்டுகிறவர்கள் இதை மட்டும் வாய் திறந்து சொல்வதில்லை. தடுத்தால் பட்டமளிப்பு விழாக் கையேட்டில் பெயர் விடுபடலாம், அதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

உண்மையான சொசைட்டிக்கு வளாகத்திலேயே சாப்டர், அதாவது கிளை, இருக்கும். ஒரு பேராசிரியர் அட்வைசராக இருப்பார். மெயிலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், துறை அலுவலகத்துக்கு மகளை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: இந்தச் சொசைட்டிக்கு இங்கே சாப்டர் உண்டா, அட்வைசர் யார்? கம்ப்யூட்டர் துறைக்கென்றே உப்சிலான் பை எப்சிலான் இருக்கிறது. 1967இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் தொடங்கியது. எல்லாத் துறைக்கும் பொதுவானது ஃபை காப்பா ஃபை. முதுநிலையில் முதல் 10 சதவீதத்துக்குள் வருபவர்களையே அழைக்கும். இவற்றிலும் கட்டணம் உண்டு. ஆகவே பணம் கேட்பதாலேயே போலி என்றாகாது. ஒரே தடவையா, ஆண்டுதோறும் கார்டிலிருந்து தானாக எடுப்பார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1925 முதல் இயங்கும் ஏ.சி.ஹெச்.எஸ். என்ற ஹானர் சொசைட்டிகளின் கூட்டமைப்பின் உறுப்பினர் பட்டியலையும் பாருங்கள். அதில் பெயர் இல்லாததாலேயே ஒன்றை ஒதுக்கிவிடவும் கூடாது. 1776இல் தொடங்கிய ஃபை பீட்டா காப்பாவை விடப் பழைய ஹானர் சொசைட்டி அமெரிக்காவில் கிடையாது, மதிப்பும் அதற்கே அதிகம். ஆனால் அது அந்தக் கூட்டமைப்பில் இல்லை. அதனால்தான் பட்டியலுக்கு முன்னால் துறை அலுவலகத்தைக் கேட்கச் சொல்கிறேன். ஃபை பீட்டா காப்பா இளநிலைக் கலை, அறிவியல் மாணவர்களுக்கானது என்பதால் உங்கள் மகளுக்கு அதன் பெயரில் அழைப்பு வந்தால் சந்தேகப்படுங்கள்.

விசா கதையை நம்பவே நம்பாதீர்கள். எச்-1பி விண்ணப்பத்தில் இதற்கு இடமே இல்லை. அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான ஈ.பி.-1ஏ கிரீன் கார்டில் 'சங்க உறுப்பினர்' என்றொரு அளவுகோல் இருப்பதைக் காட்டித்தான் சில கன்சல்டன்ட்கள் 'பேக்கேஜ்' விற்கிறார்கள். அங்கே கேட்பது, துறை வல்லுநர்கள் எடைபோட்டு, தலைசிறந்த சாதனைக்காக மட்டுமே சேர்த்துக்கொள்ளும் சங்கத்தை. ஜி.பி.ஏ.வும் சந்தாவும் அதற்குப் போதாது. உண்மையான சொசைட்டியாக இருந்தாலும் ரெஸ்யூமேயில் ஒரு வரி கிடைக்கும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே கட்டியிருந்தால், ரீஃபண்ட் கேட்டு மெயில் அனுப்பிவிட்டு, ஆட்டோ ரின்யூவலை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.