கல் வீட்டுக்கு முன்பணமா? கொடுக்காதீர்கள்

கேள்வி: சான் ஹோசேயில் இருக்கிறோம். டிசம்பரில் குடும்பத்தோடு டெத் வேலி தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். அங்கே பியூட் வேலியில் 'ஜியாலஜிஸ்ட்ஸ் கேபின்' என்ற பழைய கல் வீட்டில் ஓர் இரவு தங்க ஆசை. அதையும் பார்க்கர் ராஞ்ச் வீட்டையும் 150 டாலருக்குப் புக் செய்து தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். நம்பலாமா? வாடகை எஸ்யூவி போதுமா?

பதில்: ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். அந்த வீட்டுக்குப் புக்கிங்கும் கிடையாது, வாடகையும் கிடையாது. முதலில் போய்ச் சேருகிறவருக்கு இடம், அவ்வளவுதான். பூங்காவுக்குள் போக வண்டிக்கு 30 டாலர் நுழைவுக் கட்டணம், அது ஏழு நாளைக்குச் செல்லும். 'பெர்மிட் வாங்கித் தருகிறேன்' என்று அவர் பேச்சை மாற்றினாலும் மசியாதீர்கள். எது தேவை என்று பூங்கா அலுவலகத்தில் நீங்களே கேட்கலாம். பார்க்கர் ராஞ்ச் 2009-லேயே தீப்பிடித்து எரிந்துபோனது. கூரையில்லாத சுவருக்கும் சேர்த்துக் காசு கேட்கிறார் உங்கள் ஆள்!

கேபின் வாசல் கம்பத்தில் கொடி ஏறியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் கூடாரம் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அடுத்து வண்டி. வாடகை எஸ்யூவியில் போகாதீர்கள். 'எஸ்யூவி சார், எங்கேயும் போகும்' என்று வாடகை கவுன்டரில் சாவியைக் கொடுப்பார்கள். மண் சாலையில் ஓட்டக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. எனக்கும் ஒருமுறை அப்படித்தான் நடந்தது. நடுவில் சிக்கினால் இழுத்து வரவே ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பார்கள், அதுவும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. வண்டி உங்கள் சொந்த வண்டி, தரைக்கும் வண்டிக்கும் நல்ல இடைவெளி, டயர் கெட்டியானது, சமீபத்தில் மழை இல்லை என்றால் கிழக்கே வார்ம் ஸ்பிரிங் கேன்யன் வழியாக மெதுவாகப் போய்விடலாம். கிழக்கு வழி மட்டும்தான், கவனியுங்கள். மேற்கே கோலர் வாஷ், மென்ஜல் கணவாய் வழி நான்கு சக்கர இழுவையும் அதில் ஓட்டிப் பழகிய கையும் இல்லாதவர்களுக்கு இல்லை. கிழக்கிலும் மண் சாலை மட்டும் 30 கி.மீ.க்கு மேல், அன்றைய சாலை நிலவரத்தைப் பார்க்காமல் இறங்காதீர்கள். செல்போன் சிக்னலை மறந்துவிடுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர், அதற்கு மேலும் கொஞ்சம்.

நீங்கள் கேட்காத ஒன்று: எலி. பழைய கேபின்களில் டீர் மவுஸ் என்ற சிறு எலி குடியிருக்கும். அதன் எச்சம் தூசியாகி மூச்சில் போனால் ஹாண்டா வைரஸ் தொற்றலாம். அபூர்வம்தான், ஆனால் நுரையீரலைத் தாக்கினால் பத்தில் நான்கு பேர் வரை பிழைப்பதில்லை. நம்மவர்கள் எங்கே போனாலும் முதலில் துடைப்பத்தைத் தேடுவார்கள். இங்கே பெருக்கவே கூடாது. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எச்சத்தின் மேல் நனைய ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு பேப்பர் டவலால் வழித்தெடுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்குகிற பூங்காக்காரர்கள் செய்யவேண்டிய வேலை இது. ஒரு எச்சரிக்கைக் குறிப்போடு நம் தலையில் கட்டிவிட்டார்கள்!

குழந்தைகள் கூடாரத்திலேயே தூங்கட்டும். ஊர் திரும்பி எட்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், எலி இருந்த கேபினில் தங்கியதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.