பழைய வால்வு ஆம்பைத் திறப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபின் அவர் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். கராஜ் மூலையில் ஒரு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி) கிடந்தது, வாங்கிவிட்டேன். கறுப்பு முகப்பு, இரண்டு முள் பிளக். பல வருஷமாக யாரும் போடவில்லையாம். ஆசை தாங்காமல் இரண்டு நிமிஷம் போட்டுப் பார்த்தேன். சத்தம் வந்தது. கூடவே ‘ம்ம்ம்’ என்று பெரிய இரைச்சல், நடுநடுவே கரகரவென்று வெடிப்பு. பயந்து அணைத்துவிட்டேன். ஒரு நண்பர் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதே, ஒரிஜினல் போனால் விலையும் போச்சு, சத்தமும் போச்சு என்கிறார். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன்தான், ஆனால் வால்வு, அதாவது அந்தப் பழைய கண்ணாடிக் குழாய், வேலை செய்ததில்லை. யார் சொல்வது சரி?

செ.

அன்புள்ள செ,

முதலில் பிளக்கை உருவிவிடுங்கள். மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம். அந்த இரண்டு நிமிஷத்தில் எதுவும் வெடிக்காமல் போனது நல்ல விஷயம்.

இரண்டு நண்பர்களுமே பெட்டியைத் திறக்காமல் பேசுகிறார்கள். எதை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டியது மல்டிமீட்டரும் உங்கள் காதும்தான்.

லியோ ஃபெண்டர் ஆம்ப் செய்ய வருவதற்கு முன் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அது அவர் செய்த பெட்டிகளில் தெரியும். பின்பக்கப் பலகையைக் கழற்றி, மேலே இருக்கும் நாலு ஸ்க்ரூவை எடுத்தால் சேஸிஸ், அதாவது பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டு, கையோடு வந்துவிடும். ஒரு நீள அட்டையில் ரெசிஸ்டரும் (மின்தடை) கண்டன்சரும் (மின்தேக்கி) வரிசையாக, ஒவ்வொன்றின் காலும் பித்தளைக் கண்ணிகளில் ஈயம் வைத்து நிற்கும். ஒன்றைக் கழற்ற பக்கத்தில் இருப்பதைத் தொட வேண்டியதில்லை. பழுது பார்க்கப்போகிறவனை மனதில் வைத்துச் செய்த பொருள் அது. அதைத் திறக்காமல் வைத்திருப்பதுதான் மரியாதை என்று என்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மிருதங்கத்தை நினைத்துப் பாருங்கள். பலாக்கட்டை தாத்தா காலத்ததாக இருக்கும், தோல் போன வருஷத்ததாக இருக்கும். தோலை மாற்றியதால் அது தாத்தாவின் மிருதங்கம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் ஆம்பில் கட்டை எது என்றால் டிரான்ஸ்ஃபார்மர்கள், ஸ்பீக்கர், அந்த அட்டையும் சர்க்யூட்டும், பெட்டி. தோல் எது என்றால் வால்வுகளும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களும். எலெக்ட்ரோலிட்டிக்குக்குள் இருப்பது ஈரப்பசை. பயன்படுத்தினாலும் வறளும், சும்மா வைத்தாலும் கெடும். அறுபது வருஷம் யாரும் அதற்கு வாக்குக் கொடுக்கவில்லை.

உங்கள் இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு அதன் இரண்டு பாதியையும் எடுத்துக்கொள்வதால், அந்த டி.சி.யைச் சமன் செய்யும் ஃபில்டர் கண்டன்சர் வறண்டுபோனால் 120 ஹெர்ட்ஸில் முனகும். உங்கள் கிட்டாரின் ஏ ஸ்ட்ரிங்கில் முதல் ஃப்ரெட்டுக்கும் இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் நடுவில் விழும் சுரம் அது. நீங்கள் கேட்டது அந்தச் சுரமா, அதற்கு ஒரு ஸ்தாயி கீழேயா? வால்யூமைக் குறைத்தபோது இரைச்சலும் குறைந்ததா, அப்படியே நின்றதா? ஏ ஸ்ட்ரிங் பக்கம் இருந்து, வால்யூமுக்கு அசையவும் இல்லை என்றால் பெரும்பாலும் ஃபில்டர்தான்.

சேஸிஸின் மறுபக்கம், வால்வுகள் இருக்கும் பக்கத்தில், ஒரு தகர மூடி இருக்கும். நாய்க்கூண்டு என்று ஆம்ப்காரர்கள் சொல்வது அதைத்தான். அதற்குள் 16 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டன்சர்கள் ஐந்து படுத்திருக்கும். ஓரங்கள் உப்பி, காய்ந்த பால்போல ஏதோ கசிந்து ஒட்டியிருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். ஐந்தையும் மாற்றுங்கள். கசியாவிட்டாலும் மாற்றுங்கள்.

ஆனால் கை வைப்பதற்கு முன்: இவற்றில் 400 வோல்ட்டுக்கு மேல் டி.சி. தங்கியிருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்கூட. நான் ஒரு 10கே (10,000 ஓம்), 5 வாட் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் உறை போட்ட வயரும் கிளிப்பும் வைத்திருக்கிறேன். ஒரு கிளிப் சேஸிஸில். இடது கை பேண்ட் பாக்கெட்டில். வலது கையால் இன்னொரு கிளிப்பைக் கண்டன்சரின் பாசிட்டிவில் மாட்டிவிட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். 380, 210, 90, 30 என்று இறங்கும். பூஜ்ஜியத்தை ஒட்டி வரும்வரை அடுத்த கை வெளியே வராது. இத்தனை வருஷமாகியும் ஒரு தடவைகூட இதைத் தவிர்த்ததில்லை. நீங்களும் தவிர்க்காதீர்கள்.

அடுத்தது அந்த இரண்டு முள் பிளக். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. அந்தக் காலத்து ஃபெண்டரில் மெயின்ஸின் ஒரு வயரிலிருந்து சேஸிஸுக்கு ஒரு 0.047 மைக்ரோஃபாரட் கண்டன்சர் போகும். இரைச்சலைக் குறைக்க வைத்தது. அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராகச் சேஸிஸில் ஏறும், அங்கிருந்து உங்கள் கிட்டார் கம்பிக்கு வரும். எர்த் ஆன மைக்கில் உதடு பட்டால் போதும், ஷாக் அடிக்கும், ஆளே போகலாம். ஆகவே அந்தக் கண்டன்சரை வெட்டி எடுங்கள், மூன்று முள் கார்டு போட்டு எர்த்தைச் சேஸிஸில் உறுதியாக இறுக்குங்கள். விலை குறையும் என்று யாராவது சொன்னால், குறையட்டும்.

கண்டன்சர் மாற்றிய பிறகு நேராகச் சுவரில் சொருக வேண்டாம். நம் ஊர் மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் சீரிஸ் லேம்ப் பார்த்திருப்பீர்களே, அதே ஏற்பாடு. 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டு, வால்வுகளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் எங்கோ ஷார்ட், அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

வால்வின் ஓட்டத்தை அடக்கிவைக்கும் மைனஸ் வோல்ட்டைத் தரும் பயஸ் சப்ளையில் தனியாக ஒரு சின்ன எலெக்ட்ரோலிட்டிக் இருக்கிறது. பலர் மறந்துபோவது இது. இது போனால் ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6 வால்வுகளுக்குக் கிடைக்க வேண்டிய மைனஸ் வோல்ட் குறைந்து, உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு சிவக்க ஆரம்பிக்கும். டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கண்டன்சரை மாற்றிவிட்டு, 6வி6 சொருகும் முன் அதன் கிரிட்டில் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையில்) மைனஸ் 35-ஐ ஒட்டி வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள்.

சரி, கரகரப்பு. இதில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். என்னுடைய முதல் பழைய ஆம்ப் ஃபெண்டரின் ஒரு பிரின்ஸ்டன். உங்களுடையதைப் போலவே கரகரத்தது. உற்சாகத்தில் ஒரே ராத்திரியில் அட்டையில் இருந்த, ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குச் சத்தத்தைக் கடத்தும் நீல நிறக் கப்ளிங் கண்டன்சர்கள் அத்தனையையும் பிடுங்கிப் புதிது போட்டேன். கரகரப்பு அப்படியே இருந்தது. மறுவாரம் நிதானமாக உட்கார்ந்தேன். முதல் வால்வைக் கழற்றினால் சத்தம் நின்றது. நல்ல வால்வு ஒன்றை அங்கே போட்டாலும் திரும்ப வந்தது. அதன் பிளேட்டுக்கு (உள்ளே இருக்கும் தகட்டுக்கு) போகும் 100கே கார்பன் ரெசிஸ்டர் ஒன்றே ஒன்றுதான் காரணம். நீலக் கண்டன்சர்களோ அதற்குள் குப்பை வண்டியில் போய்விட்டன. அவற்றில் ஒன்றுகூடப் பழுதில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த வருத்தம் போகவில்லை.

ஆகவே நீலத்தைத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் கண்டன்சருக்கு அப்புறம், கிரிட் பக்கம், பாசிட்டிவ் டி.சி. கசிகிறதா என்று அளங்கள். கசிந்தால் மட்டும் அந்த ஒன்றை மாற்றுங்கள். வால்வுகளையும் அப்படித்தான்: ஆர்.சி.ஏ. என்றோ மல்லார்ட் என்றோ பழைய வால்வு கம்பெனிப் பெயர் எழுதியிருந்தால் மீட்டர் சொல்லும்வரை எறியாதீர்கள். ஸ்பீக்கர் கிழியவில்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். எடுத்த பாகங்களை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நாளைக்கு வாங்குகிறவர் அதைக் கேட்பார்.

உங்கள் ஆம்பின் வயது கேட்கவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. உள்பக்கம் ஒட்டியிருக்கும் டியூப் சார்ட்டில் (வால்வுகளின் பட்டியல்) இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். முதலாவது வருஷம், ஏ என்றால் 1951. இரண்டாவது மாதம். ஓஎச் என்றால் 1965 ஆகஸ்ட். அந்த வருஷ ஜனவரியில்தான் சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. வால்யூம் திருகின் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் 1376522 மாதிரி எண் இருந்தால், 137 அதைச் செய்த சி.டி.எஸ். கம்பெனி, 65 வருஷம், 22 வாரம். இந்தத் திருகுகளை மொத்தமாக வாங்கி வைப்பார்கள் என்பதால் ஆம்ப் அதற்குப் பிந்தியதாக இருக்கலாம், முந்தியதாக இருக்க முடியாது. இரண்டையும் பார்த்து எழுதுங்கள். அந்த முனகல் ஏ ஸ்ட்ரிங் பக்கமா, கீழேயா என்பதையும்.