கரன்ட் வந்துவிட்டது, சர்வீஸ் வரவில்லையே!

கேள்வி: கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் டெபியன் 12 (ஒரு லினக்ஸ் வகை) போட்டு பில் சர்வரை ஓட்டுகிறோம். கரன்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக எழுந்துவிடுகிறது, பில் சர்வர் மட்டும் எழுவதில்லை. ஸ்டார்ட் ஸ்க்ரிப்டைக் கையால் ஓட்டினால் ‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்கிறது. ஓடவே இல்லையே சார்! ஸ்க்ரிப்டை அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஸ்க்ரிப்டைப் பார்த்தேன். ஸ்டார்ட் கொடுத்ததும் சர்வரின் ப்ராசஸ் எண்ணை (ஓடும் புரோகிராமுக்கு லினக்ஸ் தரும் எண்) ஒரு பிஐடி ஃபைலில் எழுதி வைக்கிறது, ஸ்டாப் கொடுத்தால் அழிக்கிறது. கரன்ட் போகும்போது யார் ஸ்டாப் கொடுப்பது? ஃபைல் அப்படியே கிடக்கிறது, அடுத்த முறை அதைப் பார்த்துவிட்டு ‘ஓடுகிறது’ என்று ஸ்க்ரிப்ட் திரும்பிப் போய்விடுகிறது. இந்த ஃபைல் ‘ரன்’ போல்டரில் இருந்திருந்தால் ரீபூட்டில் தானாகப் போயிருக்கும், ஏனென்றால் அந்த போல்டர் இருப்பதே மெமரியில்தான். நீங்கள் டிஸ்க்கில் வைத்திருக்கிறீர்கள். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: நேற்று 812 என்று எழுதிய எண் இன்று வேறு ப்ராசஸுக்குப் போயிருக்கலாம், நீங்கள் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள யூசராக) வேறு ஓட்டுகிறீர்கள், அப்போது ஸ்டாப் கொடுத்தால் சம்பந்தமே இல்லாத ஒன்று சாகும்.

பூட் ஆகும்போது அந்த ஃபைலை அழித்துவிட்டால் போதுமே என்று தோன்றும். வேண்டாம். பிஐடி ஃபைலையே தூக்கிப் போடுங்கள். 2015-இல் வந்த டெபியன் 8 முதல் சிஸ்டம்டிதான் வழக்கமான இனிட் (பூட்டில் முதலில் எழுந்து மற்ற புரோகிராம்களைத் தொடங்கிவைப்பது), யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அதுவே கணக்கு வைத்துக்கொள்ளும். ஒரு சிறிய சர்வீஸ் ஃபைல் எழுதி, ‘எக்ஸெக்ஸ்டார்ட்’ வரியில் சர்வர் புரோகிராமை முழுப் பாதையோடு கொடுங்கள். உங்கள் ஸ்க்ரிப்ட் சர்வரைப் பின்னணிக்குத் தள்ளுகிறதே, அது இங்கே ஆகாது. சர்வர் முன்னால் நின்றே ஓட வேண்டும். இல்லையென்றால் முதல் ப்ராசஸ் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து மிச்சத்தையும் சிஸ்டம்டி கொன்றுவிடும். ‘யூசர்’ வரியில் ரூட் அல்லாத ஒரு பெயர் போடுங்கள்.

அப்புறம், சர்வரை 192.168-இல் தொடங்கும் ஒரு நெட்வொர்க் முகவரியில் கட்டியிருக்கிறீர்கள். பூட் ஆகும் நேரத்தில் ரவுட்டரும் அப்போதுதான் எழுகிறது, முகவரி இன்னும் கைக்கு வந்திருக்காது, சர்வர் எர்ரர் காட்டிவிட்டுச் செத்துவிடும். சர்வீஸ் ஃபைலில் ‘நெட்வொர்க் டார்கெட்’ (டார்கெட் என்பது பூட்டில் ஒரு கட்டம்) என்று போட்டால் நெட்வொர்க் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ‘நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்’டை ‘ஆஃப்டர்’ (அதற்குப் பிறகு தொடங்கு), ‘வான்ட்ஸ்’ (அதையும் தொடங்கிவை) இரண்டு வரியிலும் போட வேண்டும், பலர் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு என்னைத் திட்டுகிறார்கள். ‘ரீஸ்டார்ட்’ வரியில் ‘ஆன்-ஃபெயிலியர்’ (தோற்றால் மறுபடி தொடங்கு), ‘ரீஸ்டார்ட்செக்’ 5 (5 விநாடி இடைவெளி) என்றும் கொடுங்கள். அந்த 5 இல்லாவிட்டால் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தரம் முயன்று, 10 விநாடிக்குள் 5 தடவை தோற்றதும் சிஸ்டம்டி கையை விரித்துவிடும்.

கேள்வி: சிஸ்டம்சிடிஎல் (சிஸ்டம்டிக்கான கட்டளை) ஸ்டார்ட் கொடுத்தால் சர்வீஸ் ஓடுகிறது, ரீபூட் செய்தால் காணோம். ஏன்?
– வாசகி, ஜெயநகர், பெங்களூரு

பதில்: ஸ்டார்ட் இப்போதைக்கு மட்டும்தான். ஒவ்வொரு பூட்டிலும் ஓட ‘எனேபிள்’ கொடுக்க வேண்டும், சர்வீஸ் ஃபைலில் ‘இன்ஸ்டால்’ பகுதி இல்லாவிட்டால் அதுவும் பலிக்காது. ஃபைலைத் திருத்தினால் முதலில் ‘டீமன்-ரீலோட்’ (ஃபைலை மறுபடி படிக்கச் சொல்வது), பிறகு ரீஸ்டார்ட்.