அறுபதாவது பிறந்தநாளும் சீன நகரங்களும்

கேள்வி: என் மனைவிக்கு வரும் அக்டோபர் 3-ஆம் தேதி அறுபது வயது நிறைகிறது. சீனாவைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பெய்ஜிங், ஷாங்காய் இரண்டும் போதுமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: போதாது. முதலில் பயணத் தேதியைத் தள்ளிவையுங்கள். அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம். அந்த வாரம் நாடே விடுமுறையில் ஊர் சுற்றும்; பெருஞ்சுவரில் தலைகளைத்தான் பார்ப்பீர்கள். மாதக் கடைசியில் போங்கள்.

என் கணவரின் பிறந்தநாளுக்கு நாங்கள் போனபோது ஷிஆன் நகரம்தான் என்னைக் கட்டிப்போட்டது. எல்லோரும் 1974-ல் உழவர்கள் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட சுடுமண் படையை, அதாவது சுட்ட களிமண்ணாலான போர்வீரர் சிலைகளைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை! மிங் அரச வம்சக் காலத்து நகர மதில் மேல் ஏறுங்கள். சுற்றளவு 13 கிலோமீட்டருக்கும் அதிகம். இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிள் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். மாலை வெயிலில் ஓட்டுங்கள், அவசரப்படாதீர்கள். இரவு நூடுல்ஸ் கடையில் பிறந்தநாள் என்று சொல்லுங்கள். நீண்ட ஆயுள் வேண்டி, இழை அறாமல் உண்பது அவர்கள் வழக்கம்.

அடுத்து, தென்கிழக்கே சுவான்சோ. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுக நகரம். அங்குள்ள கைய்யுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்களில் கண்ணனைக் காணலாம். கும்பகோணத்துக்காரரான நீங்கள் இதைத் தவறவிடக் கூடாது.

ஷாங்காய்க்கு இரண்டு நாள் தாராளம். ரயில் டிக்கெட்டைப் பாஸ்போர்ட் எண் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும்.