அந்தக் கூடுதல் ஆள் உம்முடைய தங்கச்சியின் ஆள்

கேள்வி: அன்ரி, பல்கலைக்கழக நண்பர்களும் மச்சான்மாருமாகச் சேர்ந்து இந்தக் குளிர்காலம் ஓர் அல்டிமேட் ஃபிரிஸ்பி அணி தொடங்கினோம், டிஸ்க் என்கிற வட்டமான பிளாஸ்டிக் தட்டை எறிந்து பிடிக்கும் விளையாட்டு. நான்தான் கப்டன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஞாயிறு இரவுகளில் நடக்கும் உள்ளரங்கு லீக்கில் விளையாடுகிறோம். பக்கத்துக்கு ஐந்து பேர், அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்கவேண்டும். இதுவரை ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. எங்கள் பொடியன்கள் கிரிக்கெட், உதைபந்து எல்லாம் நன்றாக விளையாடுகிறவர்கள். ஆனால் நீளமாக எறிந்தால் டிஸ்க் சுவரில் போய் அடிக்கிறது, எறியாமல் வைத்திருந்தால் முன்னால் மறிப்பவர் எட்டு எண்ணி முடித்துவிடுகிறார், டிஸ்க் எதிரணிக்குப் போய்விடுகிறது. டிஸ்க்கைப் பிடித்தால் புள்ளி கிடைக்கும் எண்ட் ஸோனை நாங்கள் நெருங்கும்போது எதிரணியில் ஒருவர் எப்போதும் அதன் வாசலில் கூடுதலாக நிற்கிறார், எங்கிருந்து வருகிறார் என்றே தெரியவில்லை. ஊரில் நெற்போல் விளையாடிய என் தங்கச்சியையும் ஆள்கணக்குக்குச் சேர்த்திருக்கிறோம். போன ஞாயிறு தோற்ற பிறகு நாங்கள் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் இருந்து கதைக்க, அவள் பஸ் எடுத்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஆட்டம் முடிய நாங்கள் நடந்துகொண்ட விதத்துக்கு எதிரணிகள் போடும் ஸ்பிரிட் புள்ளியும் குறைத்துத்தான் போடுகிறார்கள். அணியைக் கலைப்பதா, நல்ல ஆட்களாகத் தேடிப் பிடிப்பதா?
— பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: தம்பி, முதல் வருடம் எல்லாரும் தோற்கிறவர்கள்தான், மனம் தளரவேண்டாம் என்று நான் எழுதவேண்டும் என எதிர்பார்க்கிறீர். அதை உம்முடைய மச்சான்மார் கோப்பியோடு சேர்த்து ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். நான் கேட்பது வேறு. அன்றைக்கு ஆட்டம் முடிய எத்தனை மணி? அந்தப் பிள்ளை எந்தத் தரிப்பில், எவ்வளவு நேரம் பஸ்ஸுக்கு நின்றது?

உமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அரை வசனத்தோடு விட்டிருக்கமாட்டீர். சுவரில் டிஸ்க் அடிப்பதற்குக்கூட உம்முடைய கடிதத்தில் அதைவிடக் கூட இடம் இருக்கிறது. ஸ்காபரோவில் ஞாயிறு இரவு பஸ் எப்படி வரும் என்று எனக்கு நீர் சொல்லத் தேவையில்லை. ஆர்.ரி. ரயிலும் 2023 யூலையில் தடம் புரண்டதோடு சரி, திரும்ப ஓடவில்லை. வியர்த்த உடுப்போடு வந்து, மேலே ஒரு ஜக்கெற்றைக் கொழுவிக்கொண்டு, விளையாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு பனிக்குள் நின்றிருக்கிறாள். நீரோ ஹீற்றர் போட்ட கடைக்குள் இருந்து டிஃபென்ஸ் பற்றிக் கதைத்திருக்கிறீர்.

வளர்ந்த பிள்ளை தனியாக பஸ்ஸில் போகக்கூடாதா என்று கேட்கவேண்டாம். வேலைக்கும் படிப்புக்கும் அவள் நாள்தோறும் போய்வருகிறவளாகத்தான் இருப்பாள். வீட்டில் இருந்து கூட்டிக்கொண்டு போன அண்ணன் திரும்பக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். இது பழைய காலத்துக் கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளும், நான் மாற்றமாட்டேன். ஆனால் அதற்கு மேலே ஒன்று இருக்கிறது. வாசலில் கார் நிற்க, அண்ணனும் சொந்தக்காரரும் நிற்க, ஒரு பிள்ளை பஸ்ஸைத் தேடிப் போகிறது என்றால் உங்களோடு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்க அதற்கு மனம் இல்லை. ஏன் என்று நீர் அன்றைக்கும் கேட்கவில்லை. கடிதம் எழுதுமட்டும் கேட்கவில்லை.

நான் சொல்லட்டா? அவளுக்கு யாரும் டிஸ்க் எறிவதில்லை.

இதற்குச் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை. என் பெறாமகள் ஒருத்தி இந்த விளையாட்டு விளையாடுகிறவள். எழுதியவர் யாரென்று சொல்லாமல் உம்முடைய கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். எண்ட் ஸோன் வாசலில் கூடுதலாக நிற்கும் ஆள் என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டாள். “அன்ரி, அது தங்கச்சியை மார்க் பண்ண வந்த ஆள்.” பக்கத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஆள் காவல். இரண்டு மூன்று முறை பார்த்தவுடன் எதிரணிக்கு விளங்கிவிடும், இந்தப் பிள்ளை எவ்வளவு வெட்டி ஓடி வெறுமையான இடத்துக்கு வந்தாலும் இவர்கள் கொடுக்கப்போவதில்லை என்று. பிறகு அவளைக் காத்து என்ன பயன்? அவளை விட்டுவிட்டு வாசலில் போய் நிற்கிறார்கள், உங்கள் மச்சான் துள்ளிப் பிடிக்க வரும் டிஸ்க்கைத் தட்டிவிடுகிறார்கள். நீங்கள் நாலு பேராக ஐந்து பேரோடு விளையாடிவிட்டு, அந்த ஐந்தாவது ஆள் எங்கிருந்து வந்தார் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

இனி அந்த நெற்போலுக்கு வாரும். ‘ஊரில் நெற்போல் விளையாடிய’ என்று ஏதோ ஊரில் மாங்காய் பிடுங்கியதைப்போல எழுதியிருக்கிறீர். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் விளையாடிய இலங்கை அணி 2018 இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியது. நம்முடைய பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து மண் தரையில் வெறுங்காலோடு பழகிய விளையாட்டு அது. அதில் பந்தைப் பிடித்தால் ஓடமுடியாது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு மற்றக் காலால் சுழன்று பார்க்கவேண்டும், மூன்று செக்கனுக்குள் கைமாற்றவேண்டும், எதிராளி மூன்று அடி தள்ளித்தான் மறிக்கலாம். இப்போது உம்முடைய அல்டிமேட்டை நினைத்துப் பாரும். பிடித்தால் ஓடமுடியாது, ஒரு கால் ஊன்றவேண்டும், முன்னால் நிற்பவர் எண்ணி முடிக்கமுன் கொடுக்கவேண்டும். மூன்று செக்கனில் கொடுத்துப் பழகிய பிள்ளைக்கு எட்டு என்பது தாராளம். டிஸ்க் எறியும் கைப்பழக்கம் மட்டும்தான் புதிது, அது உங்கள் எல்லாருக்கும் புதிது. கிரிக்கெட் பொடியன்களுக்கு எல்லைக் கோட்டுக்கு எறியத் தெரியும், உதைபந்துப் பொடியன்களுக்கு ஓடத் தெரியும். இரண்டுமே அங்கே ஆபத்து. இந்த விளையாட்டு பாதி தெரிந்து வந்த ஒரே ஆளை நீர் ஆள்கணக்குக்கு வைத்திருக்கிறீர்.

வெளியில் புல்லில் விளையாடும்போது அது 100 மீற்றர் நீளம், பக்கத்துக்கு ஏழு பேர். உள்ளே உலக விதிப்படி 40 மீற்றரும் 20 மீற்றரும்தான், உங்கள் ஜிம் அதைவிடச் சின்னதாகவும் இருக்கலாம். காற்று இல்லை. 175 கிராம் டிஸ்க்கை நல்ல தோள் உள்ளவன் இழுத்து எறிந்தால் அது சுவருக்குத்தான் போகும், சுவரில் என்ன பிழை? கிட்ட நிற்பவருக்கு, பக்கவாட்டில், பின்னுக்கு என்று சின்னச் சின்னதாகக் கொடுத்து நகரவேண்டிய இடம் அது. அப்படிக் கொடுக்க ஐந்து பேரும் வேண்டும்.

நல்ல ஆட்களைத் தேடிப் பிடிப்பதா என்று வேறு கேட்கிறீர். யாரை நிற்பாட்டிவிட்டு? அதை மட்டும் எழுதவில்லை. நீர் எழுதாததும் எனக்கு விளங்குகிறது.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது அதில் நடுவர் இல்லை என்பது. 1968 இல் நியூ ஜேர்சியில் கொலம்பியா உயர்பள்ளிப் பொடியன்கள் இதைத் தொடங்கினார்கள். பின்னேரங்களில் பள்ளிக்கூடத்துக் கார் தரிப்பிடத்தில்கூட விளையாடினார்கள். இன்றைக்கும் ஃபவுல் பட்டவர் தானே சொல்லவேண்டும், செய்தவர் ஓம் என்றோ இல்லை என்றோ தானே பதில் சொல்லவேண்டும். அப்படிப்பட்ட விளையாட்டுக்குக் கப்டனாக இருந்துகொண்டு நீர் எழுதிய கடிதத்தில் பிழை விட்டவர்கள் யார் என்று பார்த்தேன். சுவர், எட்டு எண்ணுகிறவர், வாசலில் நிற்பவர், புள்ளி போடுகிற எதிரணி. உம்முடைய பெயரைக் காணவில்லை.

ஸ்பிரிட் புள்ளியைப் பற்றியும் ஒரு வசனம். ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் நாலு, சாதாரணமாக நல்லபடி நடந்தால் இரண்டு. குறைத்துப் போடுகிறார்கள் என்றால் வஞ்சகம் என்று எடுக்கவேண்டாம். சொந்த அணிப் பிள்ளையை எப்படி நடத்துகிறீர்கள் என்பது எதிரே நிற்கிற ஐந்து பேருக்கும் வடிவாகத் தெரியும். அதற்கென்று தனித் தலைப்பு இல்லாவிட்டாலும் புள்ளி போடும் கைக்குள் அது இருக்கும்.

கனடா 2001 இல் ஜப்பானின் அகிட்டா நகரில் நடந்த உலக விளையாட்டுகளில் இதே அல்டிமேட்டில் தங்கம் எடுத்தது. ஆணும் பெண்ணும் கலந்த அணி. பெண்களைக் கோட்டோரம் நிற்கவைத்துவிட்டு அதை எடுத்திருக்கமுடியாது.

அணியைக் கலைக்கவேண்டாம். கலைத்தால் தங்கச்சியோடு கதைக்கவேண்டிய கதையும் சேர்ந்து போய்விடும், உமக்கு அது வசதியாகவும் இருக்கும். இந்தக் கிழமைக்குள் அவளோடு தனியாக இரும். மச்சான்மார் வேண்டாம், போனில் மெசேஜும் வேண்டாம். விளையாட விருப்பமா என்று கேளும். ‘நீ வராவிட்டால் ஆள் காணாது’ என்ற வசனத்தை வாயால் எடுக்கவேண்டாம். அவள் வரமாட்டேன் என்றால், லீக்குக்குக் கட்டிய பணத்தில் அவளுடைய பங்கைத் திருப்பிக் கொடும், வற்புறுத்தவேண்டாம். வருகிறேன் என்றால், ஆட்டத் தொடக்கத்தில் எதிரணி எறியும் டிஸ்க்கை எடுத்து முதல் எறி எறிகிற வேலையை அவளுக்குக் கொடும். ஒவ்வொரு முறையும் அவளே எடுக்கட்டும். யாராவது நெருக்கப்பட்டால் அவளுக்குத்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று பொடியன்களுக்குச் சொல்லும். முகம் சுழிக்கிற மச்சானை அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே இருத்தும், சொந்தம் என்று பார்க்கவேண்டாம். அவளுடைய ஆள் வாசலை விட்டு அவளிடம் திரும்பி ஓடிவருவதை இரண்டாவது ஆட்டத்திலேயே காண்பீர்.

உங்கள் அணியில் இன்னொரு பெண்ணும் நிற்கிறாளே, அவளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவளிடமும் போய், போன ஆட்டத்தில் டிஸ்க் எத்தனை முறை கைக்கு வந்தது என்று கேளும். அந்த ஞாயிறு தங்கச்சி தனியாக வந்ததற்கு அம்மாவிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, உம்மைக் காட்டிக்கொடுக்காமல் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். நடந்ததை அம்மாவுக்கு நீரே சொல்லும்.